கல்லூரி விளையாட்டு வீரருக்கு ஊதியமா, உதவியா?

பல்கலைக்கழக அணிகளில் ஆடும் மாணவர்க்கு ஆட்டத்திற்காக ஊதியம் வழங்கலாமா என்னும் வினா அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டு, 2025-ஆம் ஆண்டில் ஒரு முடிவை எட்டியுள்ளது. இந்தியாவில் இவ்வினா இதே வடிவில் எழுந்ததில்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் செலுத்திப் பல்லாயிரவர் திரள்வதில்லை. ஒளிபரப்பு உரிமைகள் கோடிக்கணக்கில் விலைபோவதும் இல்லை. எனவே இது நமக்குத் தொடர்பற்ற வினா எனப் பலர் கருதக்கூடும். ஆயின், விளையாட்டுத் திறனுக்குப் பொருளாதாரப் பயன் அளிக்கும் வழக்கம் நம் நாட்டிலும் நெடுநாளாக உள்ளது. அப்பயன் யாருக்கு, எப்பொழுது, எவ்வடிவில் கிடைக்கிறது என்பதே இங்கு ஆராயத்தக்கதாகும்.

தொழிற்பேட்டையும் விளையாட்டுத் திடலும்

இவ்வினாவின் பொருளாதார அடிப்படையை விளக்குவதற்கு ஹெப்பகோடி ஏற்ற களமாகும். பெங்களூர் நகர்ப்புற மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள இவ்வூர், சில பத்தாண்டுகளுக்கு முன்வரை வேளாண்மையை நம்பிய சிற்றூராக இருந்தது. 1970-களின் இறுதியில் அருகே மின்னணு நகரம் உருவாயிற்று. பொம்மசந்திரா தொழிற்பேட்டையும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களும் பின்னர் இவ்வட்டாரத்தின் முகத்தையே மாற்றின. இன்று ஹெப்பகோடி ஒரு நகரசபை. 2025 ஆகஸ்டில் தொடங்கப்பெற்ற மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடத்தில் இதற்கு ஒரு நிலையமும் உண்டு. கன்னடம், தெலுங்கு, தமிழ், இந்தி எனப் பல மொழி பேசும் தொழிலாளர் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன.

இத்தகைய குடும்பம் ஒன்றிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர் கபடியிலோ ஓட்டத்திலோ திறன் பெற்றவர் எனக் கொள்வோம். அவர் நாளொன்றுக்கு 4 மணி நேரம், மாதத்தில் 25 நாட்கள் பயிற்சி பெற்றால், மாதம் 100 மணி நேரம் திடலில் கழிகிறது. அதே நேரத்தில் அருகிலுள்ள கிடங்கிலோ கடையிலோ பகுதிநேர வேலை செய்தால் மணிக்கு 80 ரூபாய் கிடைக்கும் என வைத்துக்கொண்டால், அவர் இழக்கும் வருமானம் மாதம் 8,000 ரூபாயாகும். பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். காலணி, சத்துணவு, பயணம் ஆகியவற்றிற்கான செலவு இதற்கு மேற்பட்டது.

வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த 8,000 ரூபாய் ஒரு பொருட்டன்று. வாடகை வீட்டில் வாழும் தொழிலாளியின் பிள்ளைக்கோ அது வீட்டு வரவு செலவையே புரட்டிவிடும் தொகை. தொழில் வாய்ப்புகள் பெருகப் பெருக, திடலில் நிற்பதன் விலையும் உயர்கிறது. வளர்ச்சி பெற்ற வட்டாரங்களில் ஏழை மாணவர் விளையாட்டைக் கைவிடுவதற்கு ஆர்வக் குறைவே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. இக்கணக்கும் ஒரு காரணமாகும்.

ஊதியமின்மை என்னும் கோட்பாடு

ஆட்டத்திற்குப் பணம் பெறுவது இழிவு என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வக் குடியினர் வகுத்த அமெச்சூர் விதிகளே அதன் ஊற்று. 1879-ஆம் ஆண்டு ஹென்லி படகுப் போட்டியின் விதிகள், பணத்திற்காகப் போட்டியிடுவோரை மட்டுமன்றி, கைத்தொழில் செய்வோரையும் உடலுழைப்புத் தொழிலாளரையும் விலக்கி வைத்தன. உயர்ந்த இலட்சியமாகப் போற்றப்பட்ட இக்கோட்பாடு, தொடக்கத்தில் ஒரு வகுப்பினரைத் திடலுக்கு வெளியே நிறுத்துவதற்கும் பயன்பட்டது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

அமெரிக்கப் பழங்குடி வீரர் ஜிம் தோர்ப்பின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கார்லைல் பள்ளியின் மாணவராக அறியப்பட்ட அவர், 1909, 1910-ஆம் ஆண்டுகளில் சிறு தொகை பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடினார். 1912-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்களை வென்றார். பணம் பெற்ற செய்தி வெளிப்பட்டதும் 1913-இல் அவை பறிக்கப்பட்டன. 1982-இல் அவர் இணை வெற்றியாளராக ஏற்கப்பட்டார். தனி வெற்றியாளர் என்னும் தகுதி 2022-இல்தான் மீண்டும் அளிக்கப்பட்டது. அவரோ 1953-லேயே காலமாகியிருந்தார். 1980-களின் இறுதியில் ஒலிம்பிக் போட்டிகளே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னர், இக்கோட்பாட்டின் பழைய பீடம் சரிந்துவிட்டது.

அமெரிக்க அனுபவம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு, அந்நாட்டுத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கட்டுப்பாட்டில் வளர்ந்தது. கால்பந்து, கூடைப்பந்து ஆட்டங்களின் வாயிலாகப் பல்கலைக்கழகங்கள் பெருவருவாய் ஈட்டின. பயிற்சியாளர் பலர் மிக உயர்ந்த ஊதியம் பெற்றனர். மாணவருக்கோ கல்விக் கட்டணம், உணவு, உறைவிடம் என்பவற்றோடு உதவி நின்றது. 1973-இல் நான்கு ஆண்டு உறுதி பெற்ற உதவித்தொகை முறை கைவிடப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் முறை வந்தது. இதனால் காயமுற்ற மாணவர் ஆட்டத்தோடு கல்வியையும் இழக்கும் அச்சம் ஏற்பட்டது.

‘மாணவ விளையாட்டு வீரர்’ என்னும் சொல்லாட்சிக்கும் ஒரு பின்னணி உண்டு. 1955-இல் கொலராடோ மாநிலக் கல்லூரி ஒன்றின் கால்பந்து வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். அவர் கல்லூரியின் ஊழியர் அல்லர் என 1957-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரை ‘மாணவர்’ என அழைப்பதா, ‘ஊழியர்’ என அழைப்பதா என்பது வெறும் சொல் வழக்கன்று. குடும்பத்திற்கு இழப்பீடு கிடைக்குமா என்பதையே அது தீர்மானித்தது.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்குச் சங்கம் விதித்திருந்த வரம்பு போட்டிச் சட்டத்திற்கு முரணானது என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் முதல் மாணவர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு அளித்துப் பணம் பெற அனுமதிக்கப்பட்டனர். 2025 ஜூனில் ஏற்கப்பட்ட சமரசத் தீர்வின்படி, ஒரு பல்கலைக்கழகம் 2025-26 கல்வியாண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். முன்னாள் வீரர்களுக்கு 280 கோடி டாலர் அளவில் இழப்பீடும் வழங்கப்படும்.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டவை. பிறர் உழைப்பால் ஈட்டிய வருவாயில் உழைத்தவர்க்கும் பங்கு கிடைத்தது முதல் விளைவு. அத்தொகையில் பெரும்பகுதி ஆடவர் கால்பந்திற்கும் கூடைப்பந்திற்குமே செல்கிறது என்பதும், மகளிர் விளையாட்டும் நீச்சல், மல்யுத்தம் போன்ற வருவாய் தராத விளையாட்டுகளும் நலிவடையும் என்னும் கவலை எழுந்துள்ளதும் இரண்டாவது. வருவாய்ப் பங்கீடு, வருவாய் உள்ள இடத்தில் மட்டுமே நீதி செய்ய வல்லது. வருவாயே இல்லாத இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டிற்கு அதனை அப்படியே கொண்டுவர இயலாது.

இந்திய முறை: பின்னர்க் கிடைக்கும் ஊதியம்

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான விளையாட்டு நீண்ட வரலாறு உடையது. பல்கலைக்கழகக் கிரிக்கெட்டிற்கான ரோஹின்டன் பாரியா கோப்பைப் போட்டி 1935-36 முதல் நடைபெற்று வந்துள்ளது. பல்கலைக்கழகங்களின் ஒட்டுமொத்தச் சாதனைக்கான மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57-இல் நிறுவப்பட்டது. இப்போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் ஒழுங்குபடுத்துகிறது.

ஆடும் மாணவருக்கு நேரடி ஊதியம் இல்லையெனினும், மூன்று வழிகளில் அவருக்குப் பயன் கிடைத்தது. முதலாவது, கல்லூரியில் இடம். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கையில் சிறந்த விளையாட்டு வீரர்க்கென 500 இடங்கள் வரை ஒதுக்கப்படுகின்றன. இரண்டாவது, விடுதியும் கட்டணச் சலுகையும். மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, அரசுப் பணி. மத்திய அரசு 1980 ஆகஸ்டில் தொகுத்து வெளியிட்ட ஆணை, கீழ்நிலைப் பணிகளின் நேரடி நியமனங்களில் 5 விழுக்காட்டுக்கு மிகாத இடங்களைத் தகுதி மிக்க விளையாட்டு வீரரைக் கொண்டு நிரப்ப வழி செய்தது. பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளில் தம் பல்கலைக்கழகத்தின் சார்பில் ஆடியவரும் இதற்குத் தகுதி பெற்றனர். இரயில்வே, வங்கிகள், அஞ்சல் துறை, பாதுகாப்புப் படைகள் ஆகியவை வீரரைப் பெருமளவில் பணியில் அமர்த்தின. பெங்களூரில் ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் பெயர்பெற்ற கால்பந்து அணிகளை வளர்த்தன.

பொருளாதார நோக்கில் இது ஒத்திவைக்கப்பட்ட ஊதியமே. மாணவர் இன்று உழைக்கிறார். பயன் பின்னர் வேலையாகக் கிடைக்கிறது. எத்தனையோ குடும்பங்களை இம்முறை வறுமையினின்றும் மீட்டது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் இதில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவதாக, பயன் மிகத் தாமதமாகக் கிடைக்கிறது. பத்தொன்பது வயதில் பசிக்கும் மாணவருக்கு இருபத்துநான்கு வயதில் கிடைக்கக்கூடிய வேலை உணவாகாது. இரண்டாவதாக, அது வெற்றி பெற்றோர்க்கு மட்டுமே உரியது. இறுதி வரை முயன்று நூலிழையில் பின்தங்கியவரும் காயத்தால் விலகியவரும் வெறுங்கையோடு திரும்புகின்றனர். மூன்றாவதாக, அவ்வேலைகளே சுருங்கிவிட்டன. 1990-களுக்குப் பின் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் ஊழியர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. ஒத்திவைக்கப்பட்ட ஊதியத்தை நம்பி உழைப்பவர், அது ஒருநாள் கைக்கு வருமா என்னும் ஐயத்தோடு உழைக்க வேண்டியுள்ளது.

புதிய திட்டங்கள்

இக்குறைகளை அரசு உணராமல் இல்லை. 2014-இல் தொடங்கப்பெற்ற ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் முதன்மைக் குழுவினருக்கு மாதம் 50,000 ரூபாயும், வளர்நிலைக் குழுவினருக்கு 25,000 ரூபாயும் கைச்செலவுத் தொகையாக வழங்கப்படுகின்றன. 2017-இல் சீரமைக்கப்பட்ட கேலோ இந்தியா திட்டம், தேர்ந்தெடுக்கப்படும் இளம் வீரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வீதம் 8 ஆண்டுகள் வரை உதவி வழங்கும் என அறிவிக்கப்பட்டது. இதில் மாதம் 10,000 ரூபாய் வீரரின் கைச்செலவுக்கு நேரடியாகச் சேர்கிறது. ஹெப்பகோடி மாணவருக்கு மேலே கணக்கிட்ட வாய்ப்புச் செலவோடு இதனை ஒப்பிட்டால், இத்தொகை சம்பளமும் அன்று, சலுகையும் அன்று. அவர் இழந்ததை ஈடுசெய்யும் தொகை என்பது விளங்கும்.

ஆயின் இதனைப் பெறுவோர் ஏறத்தாழ 2,800 பேர் மட்டுமே. அவர்களுள் பள்ளி மாணவரும் உளர். 2021-22-ஆம் ஆண்டில் நாட்டின் உயர்கல்வி நிலையங்களில் பயின்றோர் 4 கோடியே 33 இலட்சம் பேர். உச்சியில் உள்ளோர்க்கு உதவி உண்டு. அவ்வுச்சியை நோக்கி ஏறுவோர்க்கு அது எட்டவில்லை.

பெங்களூரில் 2022 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் நடைபெற்றன. ஏறத்தாழ 190 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மாணவர் பங்கேற்ற அப்போட்டிகளை நடத்திய ஜெயின் பல்கலைக்கழகமே 20 தங்கப் பதக்கங்களுடன் முதலிடம் பெற்றது. 2023-இல் சீனாவின் செங்டு நகரில் நடைபெற்ற உலகப் பல்கலைக்கழகப் போட்டிகளில் இந்திய மாணவர் 26 பதக்கங்களை வென்றனர். இத்தகைய வெற்றிகள் நுழைவுச்சீட்டு வருவாயைத் தராவிடினும், பல்கலைக்கழகத்திற்குப் பெயரைத் தருகின்றன. பெயர் சேர்க்கையை ஈர்க்கிறது. சேர்க்கை கட்டணத்தை ஈட்டுகிறது. இந்தியப் பல்கலைக்கழக விளையாட்டில் வருவாய் இல்லை என்னும் கூற்று இவ்வளவில் திருத்தம் பெற வேண்டும். பதக்கம் வென்ற மாணவரின் படம் சேர்க்கை விளம்பரத்தில் இடம்பெறுமாயின், அதன் பயனில் ஒரு பகுதிக்கு அவர் உரியவரே.

காயமுற்றவரின் நிலை

ஊதியத்தைக் காட்டிலும் உடனடியாகக் கவனிக்கத்தக்கது காப்பீடு. பொம்மசந்திரா தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. காப்பீட்டிற்கு உட்பட்டவர். அதற்கான மாத ஊதிய உச்சவரம்பு 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணியின்போது காயமுற்றால் அவருக்கு மருத்துவ வசதியோடு, வேலைக்குத் திரும்பும்வரை ஊதியத்தில் 90 விழுக்காடு உதவியாகக் கிடைக்கும். அத்தொழிலாளியின் மகன் தன் கல்லூரிக்காகக் கபடி ஆடும்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தால், அவர் எவருடைய ஊழியரும் அல்லர் என்பதால், ஆட்டத்தில் நேர்ந்த காயத்திற்கென அத்தகைய உரிமை ஏதும் அவருக்கு இல்லை. அறுவை சிகிச்சையும் அதன்பின் பல மாத உடற்பயிற்சி மருத்துவமும் தேவைப்படும். அந்நாட்களில் கட்டணச் சலுகையும் நிறுத்தப்படுமாயின் அவர் படிப்பும் பாழாகும்.

இடர்ப்பாட்டிற்குள்ளான வீரர்க்கு உதவ 1982-இல் மத்திய அரசு தேசிய நலநிதியை நிறுவியது. நற்பணி ஆற்றும் நிதியே அது. எனினும் விண்ணப்பித்துப் பெறும் உதவி வேறு. விபத்து நேர்ந்தவுடன் உரிமையாகக் கிடைக்கும் காப்பீடு வேறு.

செய்யத்தக்கவை

சம்பளம் என்னும் முறை நம் சூழலுக்குப் பொருந்தாது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சம்பளப் போட்டி தொடங்கின், செல்வ வளமுள்ள தனியார் பல்கலைக்கழகங்கள் சிறந்த வீரரைத் திரட்டிக்கொள்ளும். ஹெப்பகோடி போன்ற ஊர்களின் சிறு கல்லூரிகள் வெறுமையுறும். கிரிக்கெட், கபடி போன்றவற்றிற்குக் கிடைக்கும் விலை தடகளத்திற்கும் பளு தூக்குதலுக்கும் கிடைக்காது. சம்பளம் பெறுபவர் வகுப்பறையை மறப்பதும் எளிது. விளையாட்டு வாழ்வு பெரும்பாலோர்க்கு முப்பது வயதிற்குள் முடிந்துவிடும். பட்டமே அதன்பின் துணை நிற்பது.

இதற்கு மாறாக, நான்கு அடிப்படைகள் கொண்ட ஓர் உதவி முறை வகுக்கப்படலாம்.

ஒன்று: பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு பெற்று, குடும்ப வருமானம் குறிப்பிட்ட வரம்பிற்குட்பட்ட மாணவர் அனைவர்க்கும், இழந்த வருமானத்தை ஈடுசெய்யும் அளவில் மாத உதவித்தொகை. இது பதக்கத்தைச் சார்ந்திராமல், தேர்வையும் பயிற்சி வருகையையும் சார்ந்திருத்தல் வேண்டும். ஆடவர்க்கும் மகளிர்க்கும் எல்லா விளையாட்டிற்கும் ஒரே அளவினதாகவும் இருத்தல் வேண்டும்.

இரண்டு: அணியில் இடம்பெறும் நாளிலேயே விபத்து, மருத்துவக் காப்பீடு. இதன் தவணைத் தொகையைப் பல்கலைக்கழகமே செலுத்துதல் முறை.

மூன்று: காயத்தால் ஆட இயலாது போனாலும் பட்டப்படிப்பு முடியும்வரை கட்டணச் சலுகை தொடரும் என்னும் எழுத்து வடிவ உறுதி. புதிய கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி வந்துள்ள மதிப்பெண் அலகு வங்கி முறை, போட்டிகளுக்காக இடையில் விலகிய மாணவர் மீண்டும் படிப்பைத் தொடர வழி செய்கிறது. இதனை விளையாட்டு மாணவர்க்கு முனைந்து பயன்படுத்த வேண்டும்.

நான்கு: மாணவரின் பெயரும் படமும் விளம்பரத்தில் பயன்படுமாயின், முன்னதாகவே எழுத்து மூல உடன்பாடும் உரிய தொகையும்.

இதற்கான நிதி எங்கிருந்து வரும்? அரசியலமைப்பின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. கல்வியோ 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொதுப் பட்டியலில் உள்ளது. எனவே மத்திய, மாநில அரசுகள் இரண்டிற்கும் இதில் பொறுப்பு உண்டு. இவற்றோடு மூன்றாவது வழி ஒன்றும் உள்ளது. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கிராமிய விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றிற்கான பயிற்சி அப்பணிகளுள் ஒன்று. தாம் இயங்கும் வட்டாரத்திற்கு முன்னுரிமை தர வேண்டும் எனவும் அச்சட்டம் கூறுகிறது. ஹெப்பகோடி, பொம்மசந்திரா, மின்னணு நகரம் ஆகியவற்றில் இயங்கும் நிறுவனங்கள் அருகிலுள்ள கல்லூரிகளின் அணிகளைப் பேணுவதற்கு இச்சட்டம் தெளிவான வழியைத் திறந்துள்ளது. பண்டு பொதுத்துறை நிறுவனங்கள் வேலை அளித்து வளர்த்த திறனை, இன்று தனியார் துறை பயிற்சிக்கால உதவி அளித்து வளர்க்கலாம். இருபது மாணவர் கொண்ட ஓர் அணிக்கு ஆளுக்கு மாதம் 8,000 ரூபாய் வீதம் வழங்கினால் ஆண்டுச் செலவு 19 இலட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஒரு பெருநிறுவனத்திற்கு இது பெருஞ்சுமையாகாது.

நிதியைப் பல்கலைக்கழகம் பெற்று மாணவருக்குப் பகிர்வதைவிட, மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துவதே தாமதத்தையும் கசிவையும் தவிர்க்கும். உடற்கல்வி இயக்குநரின் வருகைச் சான்று ஒன்றே அதற்குப் போதுமானதாக அமைய வேண்டும். சான்றிதழ்களைத் தேடி அலுவலகங்களுக்கு அலையும் நாட்கள் யாவும் பயிற்சி இழந்த நாட்களே.

நிறைவாக

2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை புதிய தேசிய விளையாட்டுக் கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது. 2036-ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை இந்தியாவில் நடத்தும் விருப்பமும் தெரிவிக்கப்பட்டுள்ளது. அவ்வாண்டில் இருபத்தைந்து வயதை எட்டவிருக்கும் வீரர் இன்று பள்ளியில் பயில்கின்றனர். சில ஆண்டுகளில் கல்லூரி வாயிலை மிதிப்பர். அவர்களுள் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் திடலில் நிலைப்பர் என்பது, அவர்கள் இழக்கும் மாத வருமானத்தை ஈடுசெய்ய நாம் முன்வருகிறோமா என்பதைப் பொறுத்தது. வெற்றி பெற்ற பின் வழங்கும் பரிசுகளில் நாடு தாராளமாக உள்ளது. வெற்றிக்கு முந்தைய ஆண்டுகளில் சிறு தொகையும் காப்பீடும் வழங்குவதற்கு ஆகும் செலவு குறைவு. அதனால் பயன் பெறுவோரோ மிகப் பலர்.